ஆள் வேறு, வேலை ஒன்று



நெல் வயலிலே நடுக்குருத்து காய்ந்து நிற்கிறது. பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது. குருத்துப்பூச்சி என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம்ம ஊரில் அதன் தாய் ஒரு மஞ்சள் அந்துப்பூச்சி. மேற்கு ஆப்பிரிக்க நெல்லிலும் இப்படியே குருத்து காயும். ஆனால் அங்கே பல வயல்களில் அந்த வேலையைச் செய்வது ஒரு ஈயின் புழு! கண் இரண்டும் கொம்பு நுனியில் இருக்கிற ஈ அது. சாறு உறிஞ்ச நமக்குப் புகையான் என்றால், தென் அமெரிக்க நெல்லுக்கு வேறொரு தத்துப்பூச்சி.

ஏன் இப்படி? நெற்பயிரில் பிழைக்க வழிகள் கொஞ்சம்தான். இலையைத் தின்னலாம், சாறு உறிஞ்சலாம், தண்டைக் குடையலாம், வேரைக் கடிக்கலாம். எந்த நாட்டுப் பூச்சியானாலும் இவற்றில் ஒன்றுக்குத்தான் தலைமுறை தலைமுறையாகப் பழகி அமைகிறது.

இந்தப் பூச்சிகளுக்குக் காவலும் அப்படியே. வேட்டையாடச் சிலந்தி, முட்டையை அழிக்கச் சிறு குளவி என்று எங்கேயும் ஆள் உண்டு. அந்தக் காவல் வேலை காலியாக இருந்தால்தான் ஆபத்து. 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி புகுந்தது. வெளிநாட்டுப் பூச்சி, அதை அடக்கும் குளவி இங்கே இல்லை. மருந்து அடித்தும் மாளவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். மாவுப்பூச்சி அடங்கியது.

ஆனால் நெல்லிலே காவலை நாமே காலி செய்கிறோம். "சார், மருந்து அடிச்ச பிறகுதான் புகையான் அதிகமாச்சு" என்று சொல்லாத ஊர் இல்லை. காரணம் இதுதான்: புகையான் முட்டை இலை உறைக்குள்ளே பத்திரமாக இருக்கிறது. மேலே நடமாடும் சிலந்திதான் முதலில் சாகிறது. முட்டை பொரிக்கும்போது கேட்க ஆளில்லை.

ஆகவே தெளிப்பானைத் தூக்குமுன் குத்தை விலக்கி எண்ணிப் பாருங்கள். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் கண்டால் மருந்து பற்றி யோசிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். முதலில் தண்ணீரை வடித்துவிடுங்கள். சம்பளம் கேட்காத காவல்காரனை நாமே விரட்ட வேண்டாம்.