மேகத்தினூடே விண்மீன்கள்



மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை. நடுவே கம்பம் பள்ளத்தாக்கு. இங்கே அனுமந்தன்பட்டியில் கூடாரமிட்டு, இரவு வானத்தைப் படம்பிடிக்க விழைவோர்க்கு முதற்பகை மேகமே. மேகமலை என்று பெயரிட்ட முன்னோர் நம்மை எச்சரித்தே வைத்தனர் போலும்!

ஆனி, ஆடித் திங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மேகங்களை மலைமுகட்டின் மீது தள்ளிக்கொண்டு வரும். மழையில் பெரும்பகுதி அப்பால் கேரளத்திலேயே பெய்துவிடும். முகட்டைத் தாண்டிக் கீழிறங்கும் காற்று வெப்பமடைவதால், மேகம் ஓரளவு கரைந்து இடையிடையே வானம் திறக்கும். அத்திறப்புகளே நமக்குப் போதும்.

பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. ஆதலின் புகைப்படக் கருவியை நெடுநேரம் திறந்து வைத்தால், விண்மீன் புள்ளியாக விழாது கோடாக விழும். உலவும் மேகமோ படம் முழுவதையும் வெண்புகையாக மெழுகிவிடும். எனவே அகன்ற பார்வையுள்ள கண்ணாடியைப் பொருத்தி, கருவியை முக்காலியில் அசையாது நிறுத்தி, ஒளிமிக்க மீன் ஒன்றைக் கொண்டு குவியத்தைக் கையாலேயே அமைத்து, 15 விநாடிப் படங்களாக இடைவிடாது எடுங்கள். நூற்றில் தொண்ணூறு மேகத்துக்குப் போகட்டும். எஞ்சியவற்றை மீன்கள் பொருந்துமாறு கணிப்பொறியில் அடுக்கிச் சராசரி கண்டால், கருவியினால் விளையும் புள்ளிக்கறை குறையும். 16 படங்களை அடுக்கினால் நான்கிலொரு பங்காகும்.

1919 மே 29 அன்று வானியலின் பெரிய வினா ஒன்றே இத்தகைய திறப்புக்காகக் காத்திருந்தது. சூரியனின் ஈர்ப்பு விண்மீன் ஒளியை எவ்வளவு வளைக்கும்? ஐன்ஸ்டைன் கணக்கு 1.75 விகலை; நியூட்டன் வழிக் கணக்கு அதிற் பாதி. விகலையாவது பாகையில் 3600-இல் ஒரு பங்கு. முழுக் கிரகணத்தின்போது சூரியன், ரோகிணியை அடுத்த மீன்கூட்டத்தருகே நின்றது. ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பிரின்சிப்பித் தீவில் எடிங்டனும் காட்டிங்காமும் கருவிகளுடன் இருந்தனர். காலையில் பெருமழை, கிரகணம் தொடங்கிய பின்னும் மேகம் விலகவில்லை. எடிங்டன் வானத்தை நிமிர்ந்து நோக்கவும் பொழுதின்றித் தகடு மாற்றிக்கொண்டேயிருந்தார். மொத்தம் 16 தகடுகள். சூரியனின் தீநாக்கு அழகாகப் பதிந்தது, மீன்களைத்தான் காணோம். இறுதியில் மேகம் மெலிந்தது. அளவிடத் தகுந்தவை இரண்டே தகடுகள், ஒவ்வொன்றிலும் ஐந்து மீன்கள். அவை தந்த விடை 1.61.

பிரேசிலின் சொப்ராலில் அன்று வானம் தெளிந்திருந்தது. அங்குச் சிறிய தொலைநோக்கி 1.98 என்ற விடை தந்தது. பெரியதோ வெயிலின் வெம்மையால் குவியம் பிறழ்ந்து மங்கிய படங்களையே தந்தது. மேகத்தைவிடக் குவியத்தைக் கண்டு அஞ்சுக என்று நான் மாணவரிடம் சொல்வது இதனால்தான். மணிக்கொருமுறை அதைச் சோதியுங்கள். கண்ணாடியில் பனி படிந்தால் மெல்லத் துடையுங்கள்.

அதே மீன்கூட்டம் தைத் திங்களின் முன்னிரவில் அனுமந்தன்பட்டியின் உச்சிக்குச் சற்றே வடக்கில் நிற்கும். ஆப்பு வடிவம், அதன் ஒரு முனையில் செம்மை படர்ந்த மீன் ரோகிணி.