தரையில் ஊரும் விமானங்கள்

ஆகாயத்தில் நேரும் அபாயங்களையே எண்ணிக் கலங்கும் நாம், விமானம் தரையில் மெல்ல ஊர்ந்து செல்லும் அந்தச் சில நிமிஷங்களை ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை. ஆயினும், 2011 ஏப்ரல் 11 அன்று இரவு, நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில், பாரிஸுக்குப் புறப்படவிருந்த ஏ380 என்னும் பிரம்மாண்டமான விமானம் ஓடுபாதையை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கையில், அதன் இடது இறக்கையின் நுனி, சற்று முன்னர் வந்திறங்கி, நிறுத்துமிடம் போகக் காத்து நின்ற சிறிய ஜெட் விமானத்தின் வாலில் இடித்து, பிரயாணிகளோடு அதை நின்ற நிலையிலேயே சுழற்றிவிட்டது. நல்லவேளையாக, உயிர்ச்சேதம் இல்லை.

ஏ380இன் இறக்கைகளின் அகலம் ஏறக்குறைய 80 மீட்டர். மூக்குப் பகுதியில் அமர்ந்திருக்கும் விமானிக்கோ அவற்றின் நுனிகள் கண்ணில் படுவதேயில்லை. முன்சக்கரம் மஞ்சள் கோட்டின் மேல் பிசகாமல் உருண்டாலும், பக்கத்தில் வால் நீட்டி நிற்கும் மற்றொரு விமானத்தைப் பற்றி அந்தக் கோடு எதுவும் சொல்லாது.

கோபுரத்திலிருந்து தரைக் கட்டுப்பாட்டு அதிகாரி வழி சொல்ல, விமானி அதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்ய, ஓடுபாதையின் வாயிலில் சிவப்பு விளக்கு வரிசை தடுத்து நிறுத்த, இவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும், அந்த நுனியைப் பார்க்க ஒரு கண் வேண்டியிருக்கிறது. பெரிய விமானங்களில் அதற்கெனக் காமிராவோ வேறு கருவியோ பொருத்த வேண்டுமென்று 2012இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சிபாரிசு செய்தது. என் மனத்துக்கு அது மிகவும் நியாயமான கோரிக்கை. நிறுத்துமிடத்திலிருந்து விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும்போது, பல நிலையங்களில் அந்தக் கண்ணாக இருப்பவர், இறக்கை நுனிக்குக் கீழே, ஒளிரும் கோலை உயர்த்தியபடி கூடவே நடந்துவரும் ஓர் ஊழியர்.