விலாசம் அமெரிக்காவில், வீடு ஆஸ்திரேலியாவில்!

அமெரிக்காவில் ஒகையோ என்று ஒரு மாநிலம். அங்கே ஓர் அம்மாள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது 60. பிள்ளைகள் தனித்தனியாகப் போய்விட்டார்கள். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய சாமான்களை ஒவ்வொன்றாக இன்டர்நெட்டில் விற்று வருகிறார்.

ஒருநாள் அவருடைய பீங்கான் தேநீர் செட் விலைபோயிற்று. தாயார் காலத்துச் செட். ஒரு கூஜா, ஒரு பால் கிண்ணம், 6 கோப்பைகள், 6 தட்டுகள். எல்லாவற்றிலும் ரோஜாப்பூ. விலை 180 டாலர்.

பணம் வந்தது. அம்மாளுக்கு மகிழ்ச்சி. எங்கே அனுப்புவது என்று விலாசத்தைப் பார்த்தார். ஆரெகான் மாநிலம், போர்ட்லாந்து நகரம். உள்நாடுதான். ஆனால் விலாசத்தில் ஒரு விசித்திரம். வாங்கியவரின் பெயருக்குப் பக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட குறி ஒன்று இருந்தது. போதாததற்கு வாங்கியவர் ஒரு வரி எழுதியிருந்தார்: "மெல்போர்னில் என் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் வந்து சேருமா?"

மெல்போர்ன் ஆஸ்திரேலியாவில் அல்லவா இருக்கிறது? இது என்ன கூத்து?

கிடங்கில் ஒரு விலாசம்

கூத்து ஒன்றும் இல்லை. வாங்கியவர் ஆஸ்திரேலியாக்காரர்தான். போர்ட்லாந்தில் அவருக்கு வீடு கிடையாது. அங்கே ஒரு கம்பெனியின் கிடங்கு இருக்கிறது. அந்தக் கிடங்கில் அவர் பெயருக்கு ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எதை வாங்கினாலும் அந்த எண்ணுக்கு அனுப்பச் சொல்லலாம். பார்சல் வந்ததும் கம்பெனி அதை வாங்கி வைக்கும். பிறகு மேல் விலாசம் ஒட்டி விமானத்தில் ஏற்றிவிடும். அதற்குக் கூலி உண்டு.

சிங்கப்பூருக்குப் போகிறவரிடம் ஊறுகாய் ஜாடி கொடுத்து அனுப்புகிறோம் அல்லவா? அதையே பெரிய அளவில் ஒரு தொழிலாக நடத்துகிறார்கள்.

ஏன் இந்தச் சுற்று வழி? அமெரிக்காவில் சாமான் விற்கும் பலர் வெளிநாட்டுக்கு அனுப்பவே மாட்டார்கள். சுங்கப் படிவம், வெளிநாட்டுத் தபால் செலவு என்றாலே பயம். உள்நாட்டு விலாசம் என்றால் மறுபேச்சு இல்லாமல் அனுப்புவார்கள். வாங்குகிறவருக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. 5 கடைகளில் வாங்கிய 5 பொட்டலங்களை ஒரே பெட்டியாகச் சேர்த்து வரவழைக்கலாம்.

போர்ட்லாந்தைத் தேடிப் போவதற்கும் காரணம் உண்டு. ஆரெகான் மாநிலத்தில் விற்பனை வரி கிடையாது! டெலாவேர் மாநிலத்திலும் அப்படியே. இம்மாதிரிக் கம்பெனிகள் பல, இந்த மாநிலங்களில் கிடங்கு வைத்திருப்பதன் ரகசியம் இதுதான். தென் அமெரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் போகும் சரக்கு மயாமி நகரத்தில் போய்க் குவிகிறது. அங்கே வரி உண்டு. ஆனால் விமானம் பக்கம்.

இன்டர்நெட்டில் எதற்கும் ஆள் இருக்கிறது. 1995-ல் பியர் ஒமித்யார் என்பவர் ஈபே என்று பின்னால் பெயர் பெற்ற ஏலக் கடையைத் தொடங்கினார். சோதித்துப் பார்க்க, கெட்டுப்போன லேசர் விளக்கு ஒன்றை ஏலத்தில் விட்டார். அது 14 டாலர் 83 சென்டுக்கு விலைபோயிற்று! "அது கெட்டுப்போனது, தெரியுமா?" என்று அவரே கேட்டாராம். கெட்டுப்போன லேசர் விளக்குகளைச் சேர்ப்பதுதான் தன் பொழுதுபோக்கு என்று பதில் வந்ததாம். அப்படியிருக்க, ரோஜாப்பூ கோப்பைக்கு மெல்போர்னில் ஆள் கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை.

எடை அல்ல, இடம்!

அம்மாள் செட்டைக் கட்டினார். கட்டுவதில் அவர் கெட்டிக்காரர். ஒவ்வொரு கோப்பையையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றினார். சுற்றிலும் நாலு விரல் கனத்துக்கு மெத்தை வைத்தார். பெட்டி பெரிதாகிவிட்டது. நீளம் 50 சென்டிமீட்டர். அகலம் 40. உயரம் 30. எடையோ வெறும் 4 கிலோ.

இங்கேதான் ஆபத்து ஆரம்பமாகிறது.

விமானத்தில் இடம்தான் காசு. பஞ்சு மூட்டைக்கும் இரும்புப் பெட்டிக்கும் ஒரே கணக்கு வைத்தால் கம்பெனி மூழ்கிவிடும். ஆகவே கூரியர் கம்பெனிகள் ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்குவார்கள். அதை 5,000-ஆல் வகுப்பார்கள். வருவதுதான் 'பருமன் எடை'. நிஜ எடை, பருமன் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூலி.

அம்மாளின் பெட்டிக்குப் போட்டுப் பாருங்கள். 50-ஐ 40-ஆல் பெருக்கி, அதை 30-ஆல் பெருக்கினால் 60,000. அதை 5,000-ஆல் வகுத்தால் 12. எடை 4 கிலோ. கூலி 12 கிலோவுக்கு!

ஆஸ்திரேலியாக்காரர் இதைப் பார்த்ததும் திடுக்கிடுகிறார். என்ன செய்வார்? "பெட்டியை மாற்றிச் சின்னதாகக் கட்டுங்கள்" என்று கிடங்குக்குச் சொல்வார். அப்படிக் கட்டித் தருவது பல கம்பெனிகளில் வழக்கம். கிடங்குச் சிப்பந்தி அம்மாளின் பெட்டியைப் பிரிக்கிறான். மெத்தையை எடுத்து எறிகிறான். 40, 30, 25 அளவுள்ள பெட்டியில் செட்டைத் திணிக்கிறான். பருமன் எடை 6 கிலோவாக இறங்குகிறது. கூலி பாதி!

மெல்போர்னில் பெட்டியைத் திறந்தபோது 2 கோப்பைகளுக்குக் காது இல்லை.

உடைந்தது யார் கணக்கு?

"நீங்கள் சரியாகக் கட்டவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கடிதம் வருகிறது. அம்மாளுக்கு நெஞ்சு படபடக்கிறது. 180 டாலர் போய்விடுமா?

போகாது. ஈபேயில் இதற்கு விதி இருக்கிறது. வாங்குகிறவர் கொடுத்த விலாசத்தில் சாமான் பட்டுவாடா ஆன பிறகு, அதை அவர் வேறு விலாசத்துக்குத் திருப்பி அனுப்பினால், ஈபே அவருக்குத் தரும் பணப் பாதுகாப்பு அதோடு தீர்ந்துவிடுகிறது. கிடங்கின் வாசலோடு அம்மாளின் பொறுப்பு முடிந்தது. அதற்கு அப்புறம் நடந்ததை வாங்கியவரும் கிடங்குக் கம்பெனியும்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

ஆனால் விதி இருந்தால் மட்டும் போதாது. சாட்சி வேண்டும். கட்டுவதற்கு முன்பு ஒவ்வொரு கோப்பையையும் படம் பிடித்திருக்க வேண்டும். கட்டிய பெட்டியையும் படம் பிடித்திருக்க வேண்டும். எடையைக் குறித்திருக்க வேண்டும். 'போர்ட்லாந்தில் இன்ன தேதியில் சேர்ந்தது' என்று தபால்காரர் பதிவு செய்த விவரமும் கையில் இருக்க வேண்டும். 750 டாலரும் அதற்கு மேலும் உள்ள சாமான் என்றால், பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் வேண்டும் என்கிறது ஈபே.

வாங்கியவர் விடாக்கண்டராக இருந்தால் தம்முடைய கார்டு பாங்கியிடம் போய் முறையிடலாம். பாங்கிக்கு ஈபேயின் விதி வேதவாக்கு அல்ல. அங்கேயும் அம்மாளுக்குத் துணை அந்தப் படங்கள்தான்.

திருட்டுக் கார்டு

மெல்போர்ன்காரர் யோக்கியர். கோப்பை உடைந்ததே அவர் துக்கம். இதே கிடங்கு விலாசத்தை எத்தனும் பயன்படுத்துகிறான் என்பதுதான் பெரிய தொல்லை.

அவன் செய்வது இதுதான். யாரோ ஒருவருடைய கிரெடிட் கார்டு எண்ணைத் திருடுகிறான். அதைக் கொண்டு விலை உயர்ந்த செல்போன் வாங்குகிறான். தன் ஊருக்கு நேராக அனுப்பச் சொன்னால் விற்பவர் சந்தேகப்படுவார். ஆகவே அமெரிக்கக் கிடங்கு விலாசம் கொடுக்கிறான். போன் கிடங்குக்கு வருகிறது. கடல் தாண்டிப் பறக்கிறது. மாதம் முடிந்து கார்டுக் கணக்கு வரும்போதுதான் உண்மையான சொந்தக்காரர் "நான் வாங்கவே இல்லையே!" என்று அலறுகிறார். பாங்கி பணத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். சாதாரணமாக 120 நாள் வரைக்கும் இப்படி முறையிட இடம் உண்டு. விற்றவருக்குப் போனும் இல்லை, பணமும் இல்லை.

கிடங்குக் கம்பெனிகள் யார் எவர் என்று பார்க்காமல் இடம் கொடுப்பதில்லை. அமெரிக்கத் தபால் இலாகாவில் 1583 என்ற எண்ணுள்ள படிவம் இருக்கிறது. வேறொருவருக்காகத் தபால் வாங்கிவைக்கும் கம்பெனியில் சேருகிறவர் அதைப் பூர்த்தி செய்து, இரண்டு அடையாளச் சான்றுகள் காட்ட வேண்டும். அப்படியும் புகுந்துவிடுகிற கில்லாடிகள் இருக்கிறார்கள்.

கிடங்குக்குப் போனால் சான்று கேட்பார்கள் என்று பயப்படும் எத்தன், குடும்பங்களைத் தேடிப் போகிறான். இது இன்னும் கொடுமை. "வீட்டிலிருந்தே வேலை. பார்சலை வாங்கி வேறு விலாசம் ஒட்டி அனுப்பினால் போதும். கை நிறையச் சம்பளம்" என்று விளம்பரம் செய்கிறான். வேலை இல்லாத இளைஞர்களும் ஓய்வு பெற்றவர்களும் நம்பிச் சேருகிறார்கள். அவர்கள் வீட்டுக்கு வருவதெல்லாம் திருட்டுக் கார்டில் வாங்கிய சாமான்! சம்பளம் வருவதில்லை. போலீஸ்தான் வருகிறது. இந்த வேலையில் சேராதீர்கள் என்று அமெரிக்கத் தபால் புலனாய்வு இலாகா எச்சரித்திருக்கிறது.

விற்பவருக்குத் தற்காப்பு என்ன? ஆர்டரில் அச்சாகி வந்த விலாசத்துக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். "விலாசம் மாறிவிட்டது, அங்கே அனுப்புங்கள்" என்று பிறகு கடிதம் வந்தால் அனுப்பக் கூடாது. பேபால் கம்பெனி விற்பவருக்குத் தரும் பாதுகாப்பும் அந்த ஆர்டர் விலாசத்தை வைத்துத்தான். விலை உயர்ந்த சாமானை, அவசரம் அவசரம் என்று விரட்டி, கிடங்கு விலாசத்துக்குக் கேட்கும் ஆசாமியிடம் விற்காமல் இருந்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

சர்க்கார் கண்

சர்க்கார்களுக்கும் இந்தச் சுற்று வழி தெரியும். 2018 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா, வெளிநாட்டிலிருந்து வரும் 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான சாமானுக்கும் 10 சதவிகிதம் வரி போட்டது. விற்கும் கம்பெனியே வசூலித்துக் கட்ட வேண்டும். அமேசான் முறைத்துக்கொண்டது. அமெரிக்கக் கடையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. சில மாதங்களில், அதே ஆண்டு நவம்பரில், மனம் மாறித் திரும்பவும் அனுப்பத் தொடங்கியது. நடுவில் அமெரிக்க விலாசம் கொடுத்து வரியைத் தட்டிக் கழிக்கலாம் என்றால் அதுவும் முடியாது. சாமானை வாங்கித் திருப்பி அனுப்பும் கம்பெனிகளையும் ஆஸ்திரேலியச் சட்டம் விட்டுவைக்கவில்லை.

"விலையைக் குறைத்து ரசீது எழுதுங்கள், 'அன்பளிப்பு' என்று போடுங்கள்" என்று கெஞ்சும் வாடிக்கையாளர்கள் உண்டு. அது சுங்க இலாகாவிடம் பொய் சொல்வதாகும். வழியில் பார்சல் தொலைந்தால் நஷ்டஈடும் அந்தப் பொய் விலைக்குத்தான் கிடைக்கும்!

சில சாமான்கள் கிடங்கோடு நின்றுவிடும். தனியாக அனுப்பும் லிதியம் அயான் பாட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது என்று 2016 ஏப்ரல் 1 முதல் உலகம் பூராவும் தடை இருக்கிறது. வாசனைத் திரவியம் தீப்பற்றும் சரக்கு, அதற்கும் கட்டுப்பாடு. இருட்டில் பார்க்கும் தூரதரிசினி மாதிரியான கருவிகளுக்கு அமெரிக்க சர்க்காரின் ஏற்றுமதிச் சட்டம் குறுக்கே நிற்கிறது. சரக்கு போய்ச் சேரும் கடைசி இடம் என்று ஒரு சரக்கனுப்பும் கம்பெனியின் விலாசம் இருந்தால் உஷார் என்று அமெரிக்க வர்த்தக இலாகாவே சந்தேகக் குறிகளில் ஒன்றாகச் சொல்லியிருக்கிறது.

இவ்வளவு தொல்லையும் வேண்டாம் என்பவர்களுக்கு ஈபேயே ஒரு கிடங்கு வைத்தது. 2012-ல் கென்டக்கி மாநிலத்தில் அதைத் தொடங்கினார்கள். 2022-ல் அந்த ஏற்பாட்டை மாற்றி, இல்லினாய் மாநிலத்தில் புதுக் கிடங்கு வைத்தார்கள். விற்பவர் இல்லினாய்க்கு அனுப்பினால் போதும். சுங்கப் படிவம், விமானம் எல்லாம் ஈபே பாடு. அதற்கு மேல் உடைந்தாலும் தொலைந்தாலும் நஷ்டம் விற்றவருக்கு இல்லை. நம் அம்மாள் முதலிலேயே இதில் சேர்ந்திருந்தால் நெஞ்சு படபடத்திருக்காது.

சரி, அந்த 2 கோப்பைகள் என்ன ஆயின?

அம்மாள் படங்களை அனுப்பினார். பட்டுவாடாத் தேதியையும் எழுதினார். மெல்போர்ன்காரர் ஒத்துக்கொண்டார். பெட்டியைச் சின்னதாக்கச் சொன்னது தாம்தான் என்றும் வருத்தத்தோடு எழுதினார். பணம் கேட்பதை விட்டுவிட்டார். கல்யாணத்துக்கு இன்னும் 3 வாரம் இருந்தது.

அலமாரியில் அம்மாளுக்கென்று ரோஜாப்பூ கோப்பைகள் இரண்டு மிச்சம் இருந்தன. காலையில் அவர் காப்பி குடிப்பது அதில்தான். இரண்டையும் கழுவித் துடைத்தார். பழைய கம்பளிச் சட்டையில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். "இதையாவது பெட்டி மாற்றாமல் அனுப்பச் சொல்லுங்கள்" என்று மெல்போர்னுக்கு ஒரு வரி எழுதிப் போட்டார். பிறகு பெட்டியின் மேல் விலாசம் எழுதினார். அதே போர்ட்லாந்து. அதே நீண்ட எண்.