மாடி அறையில் சரளி வரிசை

இசை வரலாறு நடத்திய ஒரு வாத்தியாரின் பெயரில் புதுச்சேரியில் தெரு இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? ரோமன் ரோலண்ட் வீதி! 1915-ஆம் ஆண்டுக்கான இலக்கிய நோபல் வாங்கியவர் என்றுதான் அவரைப் பலருக்கும் தெரியும். அதற்கு முன்பு பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் இசை வரலாறு சொல்லிக்கொடுத்தவர் அவர். பத்து பாகங்களாக அவர் எழுதிய ‘ழான் கிறிஸ்தோஃப்’ நாவலின் நாயகன், ஜெர்மனியில் பிறந்து பாரிஸுக்குப் போய்ப் பாடுபடும் ஓர் இசைக் கலைஞன். அந்தத் தெருவில் வயலின் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு வெளிநாட்டுப் பிள்ளை சைக்கிளில் போவதைப் பார்த்தால் போதும், எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம்தான்.

இப்படி வந்து தங்கி நம் சங்கீதம் படிக்கிறவர்களை நாம் மேடையில்தான் பார்க்கிறோம். பட்டுப் புடவை, விபூதி, ‘அடேயப்பா, எவ்வளவு சுத்தமான உச்சரிப்பு!’ என்கிற வியப்பு, கைதட்டல். அதோடு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். எனக்கு வேண்டியது மேடைக்குப் பின்னால் இருக்கிறது. வாடகை மாடி அறை, கொடியில் காயும் துண்டு, அடுப்பங்கரை அலமாரி! வாருங்கள், உள்ளே போய்ப் பார்ப்போம்.

முதலில் அந்த அலமாரி. மிருதங்கம் படிக்கிற பிள்ளை வீட்டில் ரவை டப்பா இருக்கும். அதில் பாதி உப்புமாவுக்கு, மீதி தொப்பிக்கு! மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் ரவையைத் தண்ணீரில் பிசைந்து நடுவில் அப்பினால்தான் அந்தக் கனத்த ‘தொம்’ எழும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். வீணை படிக்கிறவர் வீட்டில் தேங்காய் எண்ணெய் கிண்ணம் தலைவாருகிற இடத்தில் இருக்காது, வீணைக்குப் பக்கத்தில் இருக்கும். கம்பியை இழுத்து இழுத்து இடதுகை விரல் காய்த்துப்போகும்; எண்ணெய் தொட்டுக்கொண்டால்தான் விரல் வழுக்கிக்கொண்டு ஓடும். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. புதுச்சேரியின் மே மாத வெயிலில் ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்! கடற்கரை ஊர் வேறு. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும், தோல் வாத்தியம் ஈரம் குடித்துச் சுருதி இறங்கும். அதனால் வாத்தியத்துக்கு அறையில் நல்ல இடம், பிள்ளைக்கு மிச்ச இடம்.

வயலினோடு ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களின் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சின்ன வயதிலிருந்து தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நின்று வாசித்த கருவி. இங்கே முதல் நாளே, “கீழே உட்காரு. சம்மணம் போடு. வயலின் தலையைப் பாதத்து மேல வை.” அவ்வளவு வருஷப் பழக்கமும் அந்த நிமிடம் தரைக்கு வந்துவிடும்! அப்புறம் தந்திகள். அங்கே நாலு தந்திக்கும் நாலு தனித்தனி சுரம். இங்கே ச-ப-ச-ப என்று கட்டச் சொல்வார்கள். இதில் ஓர் அழகான வரலாறும் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் போய் வயலின் கற்றுக்கொண்டவர். நம்மவர் அவர்களிடம் போய்க் கற்றதை, இன்றைக்கு அவர்கள் பிள்ளைகள் நம்மிடம் வந்து கற்கிறார்கள்.

வகுப்புக்கு வருவோம். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, மூன்று காலம், தொடையில் தாளம். இந்த ஊர்க் குழந்தை எட்டு வயதில் செய்வதை அவர்கள் இருபத்தெட்டு வயதில் செய்கிறார்கள். ‘ச’வுக்கு ஒட்டினாற்போல நிற்கிற அந்தச் சுத்த ரிஷபம் முதலில் அவர்கள் காதுக்குப் பிடிபடாது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, ‘ச’ ஓரிடத்தில் நிற்காது என்பது! ஒரு கட்டை என்றால் அவர்களுடைய ‘சி’. அங்கே ‘ச’ வைத்துப் பாடுகிற ஆளும் உண்டு, ஐந்தரைக் கட்டையில் வைத்துப் பாடுகிற ஆளும் உண்டு. தாளில் கறுப்புப் புள்ளி பார்த்துப் படித்துப் பழகியவர்களுக்குக் கமகம் இன்னொரு ஆச்சரியம். டீச்சர் பாடிக் காட்டுவார், பிள்ளை திருப்பிப் பாடும், “இல்லம்மா, இன்னும் கொஞ்சம் அசைச்சுப் பிடி” என்பார். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்ட கோடு அங்கே உதவாது. காதுதான் நோட்டு.

கீழ் வீட்டு அம்மாவைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆரம்பத்தில், “விடியக்காலையில இதே நாலு சுரத்தைத்தான் கத்துதுங்க” என்று அக்கம்பக்கத்தில் சொன்னவர்தான். ஒரு நாள் சத்தமே இல்லையென்றால் படியேறி வந்து கதவைத் தட்டுகிறார்: “என்னம்மா, இன்னிக்குப் பாடலியா? உடம்பு கிடம்பு சரியில்லையா?” கையில் ரசம். இந்த மாதிரி ஓர் அம்மா கிடைத்த மாணவர் கொடுத்துவைத்தவர். வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவித்தொகை எதுவும் இல்லை என்று நான் மனதார நம்புகிறேன்.

காகித வேலைகளும் உண்டு. 180 நாளுக்கு மேல் தங்குகிற மாணவர் விசா என்றால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு செய்துவிட வேண்டும். முடித்துவிட்டால் நிம்மதி.

இப்போது நான் காத்துக்கொண்டிருந்த பகுதி! இந்த ஊருக்கு இப்படி வந்து சேர்ந்த இரண்டு பேர்.

ஒருவர் திலீப் குமார் ராய். வங்கக் கவிஞர் துவிஜேந்திரலாலின் மகன். 1919-இல் கேம்பிரிட்ஜுக்குக் கணிதம் படிக்கப் போனவர். அங்கே சுபாஷ் சந்திர போஸுக்குத் தோழர். கணிதம் பின்னால் போய் இசை முன்னால் வந்தது. ஜெர்மனியில் மேற்கத்தியப் பாட்டு கற்றார். ரோமன் ரோலண்டையே சந்தித்தார்! அந்த உரையாடலைத் தன் புத்தகத்திலும் எழுதிவைத்தார். 1928-இல் அரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்து புதுச்சேரியில் தங்கினார். அன்றைக்கு இது பிரெஞ்சு மண். ஆகவே கல்கத்தாவிலிருந்து வந்தவருக்கும் இது வெளிநாடுதான்! பின்னாளில் எம்.எஸ். சுப்புலட்சுமியும் அவரும் சேர்ந்து பாடிய ‘வந்தே மாதரம்’ இசைத்தட்டைக் கேட்டிருக்கிறீர்களா? கேம்பிரிட்ஜ், பெர்லின், புதுச்சேரி என்று அலைந்த குரலும் மதுரைக் குரலும் ஒரே தட்டில். கேட்டதில்லையென்றால் இன்று ராத்திரியே தேடிக் கேளுங்கள்.

இன்னொருவர் ஆலன் டேனியலூ. பாரிஸ் பக்கத்தில் பிறந்து, காசியில் கங்கைக் கரையில் குடியிருந்து, சிவேந்திரநாத் பாசுவிடம் வருஷக்கணக்கில் வீணை படித்தவர். பிறகு அடையாறு நூலகம். 1956-இலிருந்து புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள். இங்கே அவர் கையில் வந்து விழுந்தது எது தெரியுமா? சிலப்பதிகாரம்! ஆர்.எஸ். தேசிகனோடு சேர்ந்து அவர் செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1961-இல் பாரிஸில் வந்தது. அரங்கேற்று காதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டு பயின்று பன்னிரண்டில் அரங்கேறுகிற மாதவி, ஆடலாசான், யாழாசிரியன், குழலோன். அந்த வரிகளைப் பிரெஞ்சில் எழுதியவருடைய விரலிலும் வீணைக் கம்பியின் தழும்பு இருந்திருக்கும். எனக்கு இதை எத்தனை முறை நினைத்தாலும் புல்லரிக்கிறது.

அந்த வேலை அவரோடு நிற்கவில்லை. தமிழறிஞர் தி.வே. கோபாலையர் பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா க்ரோவோடு சேர்ந்து இங்கிருந்துதான் தேவாரத்தைப் பண்முறையில் பதிப்பித்தார்; முதல் தொகுதி 1984. பிறகு தருமபுரம் ப. சுவாமிநாதன் ஓதுவாரின் குரலோடு அது மின்னுருவாகவும் வந்தது. காலையில் சரளி வரிசை, மத்தியானம் துய்மா வீதியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பண் பற்றிய பக்கங்கள். வேறெந்த ஊரில் இது நடந்துபோகிற தூரத்தில் கிடைக்கும்?

சாயங்காலம் ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அப்போதுதான் இந்தப் பிள்ளைகள் காதைத் திறந்துவிட்டு நடப்பார்கள். மணக்குள விநாயகர் கோவில் பக்கம் நாகசுரம், மாதா கோவிலில் பாடகர் குழுவின் ஒத்திகை, சுண்டல்காரரின் கூவல். ஜூன் 21 வந்தால் 1982-இல் பிரான்சில் தொடங்கிய இசைத் திருநாளை இந்த ஊரும் கொண்டாடும். ஜூலை 14 அன்று போர் நினைவுச் சின்னத்தருகே இரண்டு நாட்டுப் பண்களும் ஒலிக்கும்.

ஆனால் மாசி மகத்துக்கு முன்னால் இதெல்லாம் சின்னது. வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சுற்றுவட்டாரக் கோவில்களிலிருந்து சாமிகள் வரிசையாக வந்து இறங்கும். ஒவ்வொரு சாமிக்கும் ஒரு மேளம். ஒரு நாகசுரம் ஆலாபனையில் இருக்கும்போதே பக்கத்துத் தவில் தனி எடுக்கும், அதற்குள் பம்பை பாயும். வகுப்பில் ஒற்றைச் சுருதியை உயிராகப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, போனில் பதிவு ஓடவிட்டபடி, ஈர மணலில் ஒரு மேளத்திலிருந்து அடுத்த மேளத்துக்கு ஓடுகிறார்கள். “தோடி! அது தோடிதானே?” என்று கேட்டுக்கொண்டே!