பீங்கானை ஊடுருவும் நீல ஒளி

காரைக்குடியை அடுத்த நேமத்தான்பட்டி போன்ற செட்டிநாட்டு ஊர்களில் பழைய வீடுகளின் சுவரில் சுண்ணாம்புச் சாந்தும், தரையில் ஆத்தங்குடிக் கல்லும் இருக்கும். இவை எவ்வாறு இறுகின? சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்ல இறுகுகிறது. ஆத்தங்குடிக் கல்லிலுள்ள சிமெண்டு தண்ணீருடன் வினை புரிந்து இறுகுகிறது. அதனால்தான் வார்த்த கல்லைத் தொட்டியில் ஊற வைக்கிறார்கள்.

ஒளி பட்டால் இறுகும் சிமெண்டு ஒன்றும் உண்டு. அதைப் பல் மருத்துவர் பயன்படுத்துகிறார். சிதைந்த பல்லின்மேல் பீங்கான் உறையை (இதைத்தான் நாம் ‘கேப்’ என்கிறோம்) ஒட்டுவதற்கு இந்தப் பிசின் சிமெண்டு உதவுகிறது.

கற்பூரத்தின் உறவினர்

இந்தச் சிமெண்டில் திரவநிலையில் சிறு மூலக்கூறுகள் உள்ளன. இவை ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலிகளாகவும், பின்னர் வலையாகவும் மாறினால் சிமெண்டு கெட்டியாகும். இத்தகைய பற்பிசினுக்கு அமெரிக்க விஞ்ஞானி ரஃபேல் போவன் 1962-இல் காப்புரிமை பெற்றார்.

மூலக்கூறுகளைக் கைகோக்கத் தூண்டுவது யார்? கேம்ஃபர்குவினோன் என்ற மஞ்சள் நிறப் பொருள். இது நாம் அறிந்த கற்பூரத்தின் வேதியியல் உறவினரே! சுமார் 470 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை இது நன்கு உறிஞ்சுகிறது. உறிஞ்சிய ஆற்றலால் துணைப்பொருளான அமீனுடன் வினை புரிந்து, ‘தனி உறுப்பு’ எனப்படும் துடிப்புமிக்க துகள்களை உண்டாக்குகிறது. சங்கிலி வினையைத் தொடங்கி வைப்பவை இவையே.

தடையாக நிற்கும் பீங்கான்

இங்கேதான் சிக்கல். விளக்கு வெளியே இருக்கிறது; சிமெண்டோ பீங்கானுக்கு அடியில் இருக்கிறது. பீங்கான் ஒளியின் ஒரு பகுதியைச் சிதறடிக்கிறது; ஒரு பகுதியை உறிஞ்சிக் கொள்கிறது. ஒரு மில்லிமீட்டர் பீங்கான் பாதி ஒளியை மட்டும் விடுவதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு மில்லிமீட்டரில் கால் பங்கும், மூன்றில் அரைக்கால் பங்கும்தான் அடியில் எட்டும். நிறம் அடர்ந்தால் இன்னும் குறையும்.

ஒளி போதாவிட்டால் என்ன? கைகோக்காத மூலக்கூறுகள் மிஞ்சும்; சிமெண்டு வலுவிழக்கும். உறை தளரலாம். இடுக்கில் எச்சிலும் கிருமிகளும் புகுந்தால் உள்ளே சொத்தை உண்டாகலாம். வெளியிலிருந்து பார்த்தால் உறை பளபளவென்றே தெரியும்! அடியில் நடப்பதை மருத்துவர் கண்ணால் காண முடியாது. பொருளை அறிந்து, நேரத்தைக் கணக்கிட்டே அவர் செயல்பட வேண்டும்.

சதுர சென்டிமீட்டருக்கு 1000 மில்லிவாட் தரும் விளக்கை 20 விநாடி காட்டினால் 20 ஜூல் ஆற்றல் கிடைக்கும். பீங்கான் பாதியை மறித்தால் சிமெண்டுக்கு 10 ஜூல்தான். எனவே கூடுதல் நேரம், பல பக்கங்களிலிருந்தும் ஒளி காட்ட வேண்டும். விளக்கின் முனை விலகினாலும் சாய்ந்தாலும் நட்டமே.

இரட்டை வழி

முன்பல்லின் மேல் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகட்டுக்கு ஒளி மட்டுமே போதும். தடித்த உறைக்கு இருவழிச் சிமெண்டு பொருத்தமானது. இரு பசைகளைக் கலந்தவுடன் அவற்றிலுள்ள பெராக்சைடும் அமீனும் இருளிலும் வினையைத் தொடங்கும். எட்டுகிற ஒளி அதற்குத் துணை நிற்கும். உள்ளே உலோகம் வைத்த உறையில் ஒளி புகவே புகாது. அங்கு ஒளியை மட்டும் நம்பும் சிமெண்டு பயன்படாது.

முன்பு ஹாலஜன் பல்பின் ஒளியை வடிகட்டி நீல ஒளி பெற்றார்கள். வெப்பமும் மிகுதி. நீல ஒளி உமிழும் எல்.இ.டி. வந்தபின் கையடக்க விளக்குகள் எளிதாயின. அதைக் கண்டறிந்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு மெல்லிய வெள்ளைப் பீங்கான் கோப்பைக்குள் டார்ச் விளக்கை ஏற்றுங்கள். இருட்டறையில் வெளிப்புறத்தைக் கவனியுங்கள். மெல்லிய விளிம்பருகே ஒளி நன்கு கசியும். தடித்த அடிப்பகுதியருகே மங்கும். பல்லின் உறையிலும் இதுதான் நிகழ்கிறது.

ஓர் எச்சரிக்கை: மருத்துவர் காட்டும் நீல விளக்கை நேராகப் பார்க்காதீர்கள், விழித்திரைக்குத் தீங்கு. அவர் ஆரஞ்சு நிறக் கண்ணாடி அணிவது எதற்காக? விடை, நீல ஒளியை எந்த நிறப் பொருள் உறிஞ்சும் என்பதில் இருக்கிறது. சிந்தியுங்கள்!