ஊர் திரும்பும் முன் மருத்துவக் காப்பு

பிறநாட்டில் உழைத்து, ஓய்வுபெற்று, ஊர் திரும்பி வாழ்வோர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் புதியவர்கள் அல்லர். கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரச அலுவலகங்களிலும் கடமையாற்றிய எம்மவர் பலர், சேவை முடிந்ததும் கப்பலேறி வந்து, கல்வீடு கட்டி, மாதாமாதம் கடல் கடந்து வந்த ஓய்வூதியத்தில் கௌரவமாக வாழ்ந்தனர். ‘மலாயன் பென்சனியர்’ என்ற சொல் இன்றும் முதியோர் வாயில் வழங்குகின்றது. அவர்கள் நோயுற்றபோது மலாய அரசாங்கம் மருந்து அனுப்பவில்லை. அவர்கள் அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஊரில் பரியாரியார் இருந்தார். 1847ஆம் ஆண்டு இங்கு வந்து, தமிழிலேயே மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீனின் வழியில் வளர்ந்த மானிப்பாய் ஆஸ்பத்திரி இருந்தது. ஒரு நோய்க்காகக் காணியை விற்கவேண்டிய அளவுக்கு மருத்துவம் அன்று விலையேறியிருக்கவில்லை.

இன்று திரும்பி வர எண்ணுவோரின் நிலை வேறு. 1983ஆம் ஆண்டின் வன்செயல்களுக்குப் பின்னர் இருபது, இருபத்திரண்டு வயதில் புறப்பட்டவர்கள் இப்போது அறுபதைக் கடந்துவிட்டார்கள். அவர்களைத் தொடர்ந்து போனவர்கள் ஐம்பதுகளில் இருக்கின்றார்கள். உணவகச் சமையலறையிலும் தொழிற்சாலையின் இரவு வேலையிலும் முப்பது ஆண்டுகளைக் கழித்த உடம்பு, அறுபத்தைந்து வயது வரை காத்திராமல் ஓய்வு கேட்கின்றது. பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ உள்ள வீட்டை விற்றால், அந்தப் பணத்தில் கோப்பாயிலோ கரவெட்டியிலோ எஞ்சிய காலத்தை நிம்மதியாகக் கழிக்கலாம் என்று கணக்குப் போடுகின்றார்கள். அந்தக் கணக்கில் வீடு, கிணறு, மதில், சூரியமின்கலம், வாகனம் எல்லாம் இடம்பெறுகின்றன. மருத்துவம் என்ற இடத்தில் மாத்திரம் ‘அதை அப்போது பார்க்கலாம்’ என்ற வார்த்தை எழுதப்பட்டிருக்கின்றது.

பலர் கவனிக்கத் தவறும் ஒரு வேறுபாடு இங்கே உண்டு. ஓய்வூதியம் என்பது செலுத்திய பணத்துக்கோ வாழ்ந்த ஆண்டுகளுக்கோ கிடைக்கும் உரித்து. அது பெரும்பாலும் ஆளைத் தொடர்ந்து கடல் கடந்து வரும். மருத்துவக் காப்பு அவ்வாறு வருவதில்லை. அது ஆளோடு அன்றி, அவர் வதியும் இடத்தோடு ஒட்டியது. ‘முப்பது வருடம் வரி கட்டினேன், அங்கே போனால் இலவசமாகப் பார்ப்பார்கள்’ என்ற நம்பிக்கையோடு விமானம் ஏறுகின்றவர்கள், அந்த நம்பிக்கையின் சட்ட அடிப்படையை ஒருமுறை விசாரித்துப் பார்ப்பது நல்லது.

பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள தேசிய சுகாதார சேவையின் வைத்தியசாலைச் சிகிச்சை, நாட்டில் வழமையாக வதிபவர்களுக்கே கட்டணமின்றிக் கிடைக்கின்றது. கடவுச்சீட்டோ செலுத்திய வரியோ அந்த உரித்தைத் தருவதில்லை. யாழ்ப்பாணத்தில் நிலையாகக் குடியேறிய ஒருவர், முழங்கால் சத்திரசிகிச்சைக்கென்று இரண்டு மாதங்கள் இலண்டன் சென்றால், அவர் வெளிநாட்டு நோயாளியாகவே கணிக்கப்படுவார். சேவையின் வழமையான செலவில் ஒன்றரை மடங்கு அவரிடம் அறவிடப்படலாம். அவசர சிகிச்சைப் பிரிவில் முதலுதவி கிடைக்கும் என்பது உண்மை. வார்டில் அனுமதிக்கப்பட்ட கணத்திலிருந்து கணக்கு வேறு. அதே பிரித்தானியப் பிரஜை மீண்டும் அங்கு நிலையாக வாழவென்றே திரும்பிச் சென்றால் உரித்தும் திரும்பி வருகின்றது. ஐரோப்பிய நாடுகளில் ஓய்வைக் கழிக்கும் பிரித்தானிய ஓய்வூதியருக்குச் சிகிச்சைச் செலவை வழங்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. இலங்கை அதற்குள் அடங்காது.

கனடாவில் மருத்துவக் காப்பு மாகாணங்களின் கையில் இருக்கின்றது. எம்மவர் செறிந்து வாழும் ஒன்ராறியோவில் ‘ஓஹிப்’ காப்பு நீடிக்க வேண்டுமானால், எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் குறைந்தது 153 நாட்கள் அந்த மாகாணத்தில் இருந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 212 நாட்கள், அதாவது ஏறத்தாழ ஏழு மாதங்கள், வெளியே இருக்கலாம் என்பதே இதன் மறுபக்கம். குளிர்காலத்தில் நல்லூரிலும் கோடையில் ஸ்காபரோவிலும் வாழும் ஏற்பாட்டுக்கு இவ்விதி நன்கு இடம்கொடுக்கின்றது. அதைத் தாண்டி ஒரேயடியாக இங்கு வந்து அமர்வோர் காப்பை இழக்கின்றார்கள். காப்பு இருக்கும் காலத்திலுங்கூட, வெளிநாட்டில் அவசரமாக வைத்தியசாலையில் தங்க நேர்ந்தால் ‘ஓஹிப்’ தருவது நாளொன்றுக்கு அதிகபட்சம் 200 முதல் 400 கனேடிய டொலர்களே. தனியார் வைத்தியசாலையொன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இது எத்தனை மணிநேரத்துக்குப் போதும் என்பது அங்கு கட்டணம் செலுத்தியவர்களுக்குத் தெரியும்.

சுவிற்சர்லாந்தில் வதிபவர் ஒவ்வொருவரும் காப்புறுதி எடுப்பது கட்டாயம். இலங்கை போன்ற நாட்டுக்குக் குடிபெயர்ந்து வதிவிடப் பதிவை நீக்கியதும் அக்காப்புறுதி முடிவடைகின்றது. மீண்டும் அங்கு சென்று பதிந்தால், என்ன நோய் இருந்தாலும் அடிப்படைக் காப்புறுதியில் சேர்த்தேயாக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டத்தின் நல்ல அம்சம். ஆனால் திரும்பிச் செல்லும் உரிமை பிரஜைகளுக்கே உறுதியானது. நிரந்தர வதிவிட அனுமதி மாத்திரம் வைத்திருப்பவர் முன்கூட்டி விண்ணப்பித்து அனுமதி பெறாவிட்டால், ஆறு மாதங்கள் வெளியே இருந்ததும் அது செல்லுபடியற்றதாகிவிடும். அத்துடன், இலங்கைக்கும் சுவிற்சர்லாந்துக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை இல்லாத காரணத்தால், சுவிஸ் பிரஜாவுரிமை பெறாத இலங்கையருக்கு அரச முதியோர் ஓய்வூதியம் இங்கு அனுப்பப்படுவதில்லை. செலுத்திய தொகையைத் திரும்பக் கோரலாம். ஆக, ஓய்வூதியமும் எல்லோரையும் தொடர்ந்து வருவதில்லை என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்க வேண்டும். ஜேர்மனியில் காப்புறுதி உரித்தைச் சிறு கட்டணத்தில் உறங்கு நிலையில் வைத்திருக்கும் ஒழுங்கு சில நிறுவனங்களில் உண்டு. புறப்படும் முன்னர் கேட்க வேண்டிய கேள்வி அது. புறப்பட்ட பின்னர் கேட்டுப் பயனில்லை.

முன்கூட்டியே ஓய்வுபெறுவோர் இதனால் இருவழியிலும் பாதிக்கப்படுகின்றார்கள். கனடாவின் முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியம் 65 வயதில்தான் தொடங்குகின்றது. அதை வெளிநாட்டிலிருந்து தொடர்ந்து பெறுவதற்கு 18 வயதுக்குப் பின் 20 ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்திருக்கவும் வேண்டும். ஐம்பத்தாறு வயதில் திரும்புகின்றவர் அதற்காக ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நீரிழிவும் குருதி அமுக்கமும் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் தொடத் தொடங்குவதும் இதே பராயத்தில்தான்.

சரி, இங்கே என்ன இருக்கின்றது? 1850ஆம் ஆண்டு அரசாங்க அதிபர் டைக் காலத்தில் தோற்றம் பெற்ற யாழ்ப்பாண வைத்தியசாலை, இன்று வட மாகாணத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் நோயாளர் அனுப்பப்படுகின்ற போதனா வைத்தியசாலையாக நிற்கின்றது. பருத்தித்துறை மந்திகையிலும் தெல்லிப்பழையிலும் சாவகச்சேரியிலும் ஊர்காவற்றுறையிலும் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011இல் நடந்து திரட்டிய நிதியில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2018ஆம் ஆண்டு முதல் ‘1990’ நோயாளர் காவு வண்டிச் சேவையும் குடாநாட்டில் இயங்குகின்றது. இவையாவும் கட்டணமற்றவை. எமது வைத்தியர்களின் திறமையில் எமக்கு ஐயமில்லை. ஆனால் விடியுமுன் கிளினிக் கொப்பியுடன் வரிசையில் நிற்கும் பழக்கம் முப்பது ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தவருக்கு எளிதில் வராது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடும், வைத்தியர்கள் நாட்டை விட்டு வெளியேறியதும் இச்சேவையை எவ்வளவு தூரம் உலுக்கின என்பதையும் நாம் கண்டோம்.

இன்னொன்றும் உண்டு. இந்த இலவச சேவை இந்நாட்டு மக்களின் வரிப்பணத்தில் அவர்களுக்காக நடத்தப்படுவது. வேறொரு நாட்டின் பிரஜாவுரிமையை விரும்பிப் பெற்றவர், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி இலங்கைப் பிரஜாவுரிமையை இழக்கின்றார். இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்து அதனை மீளப் பெற்றாலன்றி, சொந்த ஊரிலும் அவர் விசாவில் வாழும் வெளிநாட்டவரே. ஓய்வுபெற்ற வெளிநாட்டவருக்கென ஏற்படுத்தப்பட்ட ‘எனது கனவு இல்லம்’ விசாத் திட்டத்தின் வயதெல்லை 55. ஐம்பத்திரண்டில் திரும்புகின்றவருக்கு அந்தக் கதவும் திறவாது. எனவே மருத்துவக் காப்புப் பற்றிய யோசனை, உண்மையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில்தான் ஆரம்பமாகின்றது.

எஞ்சியிருப்பது தனியார் காப்புறுதி. இதில் பலர் விடும் முதற்பிழை, பயணக் காப்புறுதியை வதிவிடக் காப்புறுதியாக எண்ணிக்கொள்வது. பயணக் காப்புறுதி என்பது வீடு திரும்பப்போகின்றவருக்கானது. ஒரு பயணத்துக்கு இத்தனை நாட்கள் என்ற வரையறை அதில் உண்டு. கனேடியப் பத்திரங்கள் பலவற்றில், ஏற்கெனவே உள்ள நோய் குறித்த காலத்துக்கு, 90 நாட்கள் அல்லது 180 நாட்களுக்கு, மாற்றமின்றி இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் காணப்படும். புறப்படுவதற்கு முந்திய மாதத்தில் குருதி அமுக்க மாத்திரையின் அளவை வைத்தியர் கூட்டியிருந்தால், அதுவே கோரிக்கையை நிராகரிக்கப் போதுமான காரணமாகலாம்.

உள்ளூர் நிறுவனங்களின் மருத்துவக் காப்பு பெரும்பாலும் ஆயுள் காப்புறுதியின் இணைப்பாக விற்கப்படுகின்றது. ஆயுள் காப்புறுதி முடியும்போது அதுவும் முடியும். அறுபது, அறுபத்தைந்துக்கு மேல் புதிதாகச் சேர்வது கடினம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு விலக்கோ காத்திருப்புக் காலமோ இருக்கும். முகவர் சொல்வதை அல்ல, பத்திரத்தில் எழுதியிருப்பதையே பார்க்க வேண்டும். எந்த வயதுவரை புதுப்பிக்கலாம்? யாழ்ப்பாணத்தில் உள்ள எந்தத் தனியார் வைத்தியசாலைக்கு நிறுவனம் நேரடியாகப் பணம் செலுத்தும், அல்லது நாம் செலுத்திவிட்டுப் பின்னர் கோர வேண்டுமா? ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்கு நோயாளரைக் கொண்டுசெல்லும் செலவு அடங்குமா? பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணிநேரம் என்பதால், பெரிய சத்திரசிகிச்சை என்றதும் எம்மவர் மனம் இந்தியாவை நாடுகின்றது; இந்தியச் சிகிச்சையைப் பத்திரம் ஏற்கின்றதா? மாலையில் வைத்திய நிபுணரைச் ‘சனல்’ செய்து பார்க்கும் செலவு, பரிசோதனைச் செலவு, மாதாந்த மருந்து ஆகியவை பெரும்பாலும் அடங்குவதில்லை என்பதையும் மனங்கொள்ள வேண்டும்.

சர்வதேசக் காப்புறுதி நிறுவனங்கள் வயது கூடியவரையும் ஓரளவு ஏற்கின்றன. ஆனால் தவணைக் கட்டணம் வயதோடு ஏறும். ஐம்பத்தைந்தில் தாங்கக்கூடிய தொகை எழுபதில் தாங்கக்கூடியதாக இராது. ஐக்கிய அமெரிக்காவை நீக்கிய பத்திரம் கணிசமாக மலிவு. எந்த நிறுவனமாயினும், இருக்கும் நோயை மறைத்துப் படிவத்தை நிரப்புவது, பல ஆண்டுகள் கட்டிய பணத்தைக் கிணற்றில் போடுவதற்குச் சமம்.

ரூபாவில் எடுக்கும் காப்புறுதியின் பெறுமதி நிலையானதன்று. 2022ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. சில மாதங்களில் அது 360 ரூபாவைத் தொட்டது. பத்து இலட்சம் ரூபாக் காப்பு, 5,000 டொலரிலிருந்து 2,800 டொலருக்கும் கீழே இறங்கியது. இறக்குமதியாகும் இருதயக் குழாய்ச் சுருளின் விலையோ டொலரில் நின்றது. ஆகவே சேமிப்பின் ஒரு பகுதியை இங்குள்ள வெளிநாட்டு நாணயக் கணக்கிலோ அவர்கள் வாழ்ந்த நாட்டின் வங்கியிலோ மருத்துவத்துக்கென்றே ஒதுக்கி வைப்பது, எந்தக் காப்புறுதியோடும் சேர்த்துச் செய்யவேண்டிய காரியம். கோயில் திருவிழாவுக்கும் பாடசாலை மண்டபத்துக்கும் தாராளமாகக் கொடுக்கும் எமது மக்கள், தமக்கென்று இதைச் செய்ய ஏனோ தயங்குகின்றார்கள்.

எந்தக் காப்புறுதியும் பொறுப்பேற்காத செலவு ஒன்றும் இருக்கின்றது. பாரிசவாதத்தில் விழுந்தவரைத் தூக்கி இருத்தி, உணவூட்டி, இரவில் அருகில் இருப்பதற்கு ஆள் வேண்டும். வைத்தியசாலையிலிருந்து விடுவிக்கப்பட்டதும் காப்புறுதியின் கடமை முடிந்துவிடுகின்றது. நான்கு பிள்ளைகள் நான்கு நாடுகளில் இருக்க, பெரிய வீட்டில் இருவர் மாத்திரம் வாழும் குடும்பங்களில் இதுவே மிகக் கடினமான பிரச்சினை. நம்பிக்கையான பராமரிப்பாளரை மாதச் சம்பளத்துக்குப் பெறுவது கிராமங்களில் இப்போது இலகுவானதல்ல.

ஆறு மாதம் இங்கும் ஆறு மாதம் அங்குமாக இரண்டு ஆண்டுகள் வாழ்ந்து பார்த்து, இந்த விடயங்களைச் சீர்செய்த பின்னர் பதிவை நீக்குவதே உசிதம் என்பது எமது அபிப்பிராயம். புதிய காப்புறுதிப் பத்திரம் கைக்கு வந்து, அதன் காத்திருப்புக் காலமும் கடந்த பின்னரே பழையதை விட வேண்டும். ஜேர்மன், பிரெஞ்சு, நோர்வேஜிய மொழிகளில் உள்ள மருத்துவ அறிக்கைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எடுத்துவர வேண்டும். நள்ளிரவில் மந்திகை வைத்தியசாலையில் கடமையிலிருக்கும் வைத்தியரால் அவற்றை வாசிக்க முடியாது. மருந்துகளின் வணிகப் பெயரோடு மூலப் பெயரையும் எழுதிவைத்தால் இங்குள்ள மருந்தகத்தில் அதற்கு ஈடானதைத் தேடலாம். பத்திரத்தின் இலக்கமும் நிறுவனத்தின் அவசரத் தொலைபேசி எண்ணும் கணவரின் கைத்தொலைபேசியில் மாத்திரம் இருந்து, விழுந்தவர் அவராகவே இருந்தால், மனைவி யாரிடம் கேட்பார்? அவற்றின் பிரதியொன்று வீட்டில் இருவரும் அறிந்த இடத்திலும், இன்னொன்று வெளிநாட்டிலுள்ள பிள்ளை ஒருவரிடமும் இருக்க வேண்டும்.