நெடும்பணிப் பதக்கம்

வீரம் இருவகைப்படும். ஒரு நாட்போரில் உயிரைப் பொருட்படுத்தாது முன்சென்று புகழ் பெறுவது ஒன்று. பல்லாண்டுகள் தன் கடமையில் வழுவாது நிற்பது மற்றொன்று. முன்னதை உலகம் விரைந்து காணும். பின்னதைக் காண்பது அரிது. அத்தகைய அமைதியான வீரத்தைப் போற்றுதற்கென ஏற்பட்டதே பிரிட்டிஷ் கடற்படையின் நெடும்பணி நன்னடத்தைப் பதக்கம்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படையின் மாலுமிகள் நிலை இரங்கத்தக்கது. நெப்போலியனோடு போர் நிகழ்ந்த நாளில், துறைமுகப் பட்டினங்களில் திரிந்த கடலோடிகளை ஆள்பிடிக்கும் கூட்டத்தார் வலிந்து பற்றிக் கப்பலேற்றினர். குற்றம் செய்தார்க்குக் கசையடி கிடைத்தது. கப்பல் தன் தவணை முடிந்து துறை சேர்ந்ததும் மாலுமிகள் கூலி பெற்று விடுவிக்கப்பட்டனர். அதன் பின் அவர்களை நினைப்பார் இலர்.

1830-இல் அரியணை ஏறிய நான்காம் வில்லியம் மன்னர், தம் 13-ஆம் வயதிலேயே கப்பலேறிக் கடற்பணி பயின்றவர். அதனால் ‘மாலுமி மன்னர்’ எனப் பெயர் பெற்றவர். அவர் 1831-இல் இப்பதக்கத்தை ஏற்படுத்தினார். இது அன்று தலைவர்களுக்கு உரியதாயிருக்கவில்லை. எளிய மாலுமிகளுக்கும் கடற்படைக் காவல் வீரர்களுக்குமே உரியதாயிருந்தது. 21 ஆண்டுகள் நன்னடத்தையோடு பணி செய்திருத்தல் வேண்டும் என்பது முதல் விதி. இக்கால எல்லை பின்னர்க் குறைக்கப்பட்டது. வெள்ளியாலான அப்பதக்கத்தின் ஒரு புறம் முடியும் நங்கூரமும் விளங்கின. மறுபுறம் மாலுமியின் பெயரும் பதவியும் கப்பலும் பணியாண்டும் பொறிக்கப்பட்டன.

அவ்வாண்டுகளைக் கழித்தல் எளிதோ? சிறுவனாய்ச் சேர்ந்தவன், சாதாரண மாலுமி, தேர்ந்த மாலுமி எனப் படிப்படியாய் உயர வேண்டும். புயல் வீசும் இரவிலும், ஆடும் பாய்மரத்தின் உச்சியில் நின்று பாயைச் சுருட்ட வேண்டும். இவற்றினும் கொடிய சோதனை வேறொன்று உண்டு. நாள்தோறும் மாலுமிகளுக்கு ரம் என்னும் மதுவைக் கப்பலிலேயே அளந்து கொடுத்தனர். அவ்வழக்கம் 1970 வரை நீடித்தது. மதுவைக் கொடுத்ததும் கடற்படையே. குடித்து மயங்கினவனை ஒறுத்ததும் அதுவே! அந்நிலையில் பழியின்றி வாழ்தற்கு எத்துணை மனவுறுதி வேண்டும்! பதக்கம் பெற்றபின் தவறிழைப்பினும் அது பறிக்கப்படும்.

காலப்போக்கில் மாலுமியின் வாழ்வும் திருந்தியது. 1853 முதல், 18 வயதிலிருந்து 10 ஆண்டுகள் தொடர்ந்து பணிபுரியும் முறை ஏற்பட்டது. அமைதிக் காலத்தில் கசையடி 1871-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. மரக்கலங்களின் இடத்தை நீராவியால் இயங்கும் இரும்புக் கப்பல்கள் பற்றின. ‘வாரியர்’ என்னும் கவசக் கப்பல் 1860-இல் நீரில் இறக்கப்பட்டது. பதக்கத்தின் வடிவமும் விக்டோரியா அரசியார் காலத்தில் மாறியது. ஒரு புறம் அரசியாரின் தலையும், மறுபுறம் மூன்று பாய்மரங்களையுடைய போர்க்கப்பலும் இடம்பெற்றன. கடலிற் பாய்கள் மறைந்த பின்னரும் வெள்ளியில் அவை மறையவில்லை.

இலண்டன் மாநகரில் நெல்சன் என்னும் கடற்படைத் தலைவருக்கு வானளாவிய தூண் நிற்கின்றது. அவர் கப்பலில் வடம் இழுத்தவர்க்கெல்லாம் தூண் எழுப்ப இயலுமோ? ஆயினும், அவர்க்குப் பின்வந்த மாலுமிகளுள் கடமையில் வழுவாதார் பலருடைய பெயர், உள்ளங்கையில் அடங்கும் ஒரு வெள்ளி வட்டத்தில் நிலைத்துவிட்டது. வாய்ப்பு நேர்ந்தால் ஒரு நாள் வீரனாதல் பலர்க்கும் கூடும். காண்பார் இல்லாதபோதும் நாள்தோறும் நன்னெறியில் நிற்பதே அரிய வீரம். அவ்வீரத்திற்குப் போர்க்களம் வேண்டுவதில்லை. நாம் செய்யும் அன்றாடப் பணியே போதும்.